மூடாத புகார்

"அந்த ஒண்ணையும் மூடிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன்.

உடும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நகராட்சியின் புகார்ப் பிரிவில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. மென்பொருள் எழுதுகிறவள். எதையும் பிடித்தால் விடமாட்டாள். பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, போன மழைக்காலம் முடிந்த கையோடு இங்கே வந்து சேர்ந்தாள். இந்தச் சம்பளத்துக்கா என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

சுவரில் பெரிய திரை. ஊர் வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள், எல்லாம் தீர்ந்த புகார்கள். நடுவில், பல்லில் மாட்டிய கீரை மாதிரி, ஒரே ஒரு சிவப்பு.

இந்தத் திரையைப் பார்க்கத்தான் அன்று வெளியூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்துகொண்டிருந்தார்கள்.

வேலை முடியவில்லை என்றாலாவது பரவாயில்லை. திறந்து கிடந்த சாக்கடைக்குச் சிமெண்ட் மூடி போட்டாகிவிட்டது. மேஸ்திரியே தொந்தியோடு அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் உடும்பு போட்ட சட்டம் அப்படி. புகார் கொடுத்தவர்தான் தன் போனில் 'சரியாகிவிட்டது' என்று அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு அலுவலகத்துக்குப் பொத்தானே கிடையாது.

முன்பெல்லாம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, மளமளவென்று 'தீர்ந்தது' போட்டுத் தள்ளுவோம். குழி பாட்டுக்குக் குழியாகவே இருக்கும்.

ஆணையர் வேகமாக உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அந்த ஆள் பதிலே சொல்லலைன்னா காலம் பூரா சிவப்பாவே இருக்குமா? ஆபீசுக்கும் ஒரு பொத்தான் வை. இப்பவே."

"வெச்சா, நாளைக்கே எல்லாரும் பழையபடி ஆரம்பிச்சிடுவாங்க சார். என்னை வேணா வேலையை விட்டுத் தூக்குங்க. பொத்தான் வைக்க மாட்டேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாளே, பாவி மகள்! பொத்தான் வந்தால் என் வேலை பாதியாகும், உண்மைதான். அதற்காக இவள் வேலை போக வேண்டுமா?

ஆணையர் பேச்சை வளர்க்கவில்லை. "நானே கேக்கறேன்" என்று புகாரில் இருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினார்.

மணி அடித்தது. அறைக்குள்ளேயே.

நாற்காலியில் தொங்கிய உடும்பின் கைப்பையிலிருந்து சத்தம் வந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"எங்க அண்ணன் போன் சார். போன மழையில, அந்தச் சாக்கடையிலதான் விழுந்து செத்துப்போனான். அதுக்கு முந்தின வாரமே அவன் புகாருக்கு இங்க 'தீர்ந்தது' போட்டுட்டாங்க. நான்தான் மறுபடி திறந்தேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. எங்களில் யார் போட்டது என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கீழே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. விருந்தினர்கள் படியேறி வந்து திரையைச் சுற்றி நின்றார்கள். எல்லாம் பச்சையாக இருக்க, அது என்ன ஒன்று மட்டும் சிவப்பு என்று ஒருவர் கேட்டார்.

ஆணையர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அதை மூடற உரிமை எங்களுக்கு இல்லைங்க" என்றார்.