இன்ஜின்காரரின் முட்டி

"போதும், நிறுத்துங்க! நீங்க உக்காந்து எழுந்திருக்கிற வேகத்துல மருந்து அலமாரியே ஆடுது!"

மனைவி கத்தியதை இன்ஜின்காரர் காதில் வாங்கவே இல்லை. மருந்துக் கடைக்குள் நின்று இன்னும் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். எழும்போதெல்லாம் "கூ..." என்று ஊதல் வேறு. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அந்த ஊதல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"பாத்தீங்களா தம்பி? முட்டியா இது? எண்ணெய் போட்ட பிஸ்டன்! எல்லாம் உங்க மாத்திரையோட மகிமை!"

"நல்லா இருங்க சார்" என்றார் கடைக்காரர். சிரிப்பை அடக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு புட்டியைத் திறந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினார். இன்ஜின்காரர் அதை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினார்.

"இன்னைக்கு ரெண்டா குடுங்க தம்பி. பேத்தியப் பாக்கப் போறோம். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது."

"ரெண்டெல்லாம் வேணாம். போய் ஆட்டோ பிடிங்க" என்று அந்தம்மா அவரை வெளியே விரட்டினார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"புதினா மிட்டாய்க்கு இந்த ஆட்டமா!" என்றார் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மூன்று மாதங்களுக்கு முன்னால் நிலைமை இப்படியா இருந்தது? "ஐயோ, அம்மா" என்று ஊரைக் கூட்டிக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தார் மனுஷர். டிவியில் பார்த்த மூட்டு மாத்திரைதான் வேண்டும் என்று ஒரே அடம். அவர் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தம்மா கடைக்காரரைக் கிட்டே கூப்பிட்டார்.

"நிஜத்தச் சொல்லுங்க தம்பி. அந்த மாத்திரை கேக்குமா?"

"கேட்டுச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஒண்ணும் ஆகலேன்னு திட்டுறவங்களும் இருக்காங்க. நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஆனா தினம் நடந்தா முட்டிக்கு நல்லது. டாக்டருங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"இவரா நடப்பாரு? சோபாவ விட்டு எழுப்பவே கிரேன் வேணும்! மக மாசமா இருக்கா. மாடி ஏற முடியாம, கீழ நின்னு குழந்தைக்குக் கையாட்டிட்டா வர்றது?" அந்தம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அங்கேயே சதி உருவானது. இந்த மாத்திரையை வீட்டில் வைத்தால் வீரியம் போய்விடும். தினமும் காலையில் நடந்து வந்து கடையில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். சப்பிக்கொண்டே நடந்து திரும்ப வேண்டும். கடைக்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இப்படி ஒரு புளுகு புளுகினார்.

இத்தனைக்கும் அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு மருந்துக் கடை உண்டு. "எனக்கு ராசி இந்தத் தம்பி கைதான். பாலம் தாண்டி இங்கதான் வருவேன்" என்றார் இன்ஜின்காரர். அவரைத் தனியாக விட மனமில்லாமல், ஒருநாள் தவறாமல் அந்தம்மாவும் கூடவே நடந்தார்.

"நாலு மாடியும் ஏறிடுவாரா தம்பி?" அந்தம்மாவுக்கு இப்போது திடீரென்று பயம் வந்துவிட்டது.

"ஏறுறதா? பறப்பாரு பாருங்க!"

வெளியே ஆட்டோ வந்து நின்றது. அந்தம்மா துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, கடைப் படிகளில் கடகடவென்று இறங்கி ஓடினார்.

அடுத்த நிமிடம் இன்ஜின்காரர் மட்டும் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"குடைய விட்டுட்டேன் தம்பி. அப்படியே அந்தப் புதினா மிட்டாய் இன்னொண்ணு குடுங்க. நல்லாத்தான் இருக்கு."

கடைக்காரர் கையிலிருந்த புட்டி நழுவப் பார்த்தது.

"சார்! உங்களுக்குத் தெரியுமா?"

"என் நாக்கு என்ன செத்தா போச்சு? முதல் நாளே தெரியும்!"

"தெரிஞ்சும் எதுக்கு சார் மூணு மாசமா இவ்வளவு தூரம்?"

இன்ஜின்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே அந்தம்மா யார் கையையும் பிடிக்காமல் ஒரே எட்டில் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணோரம் ஈரமாகிவிட்டது.

"முட்டி வலி அவளுக்குத்தான் தம்பி. டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு, தினம் நடன்னு. 'அடுப்படி வேலைய யார் பாக்குறது?'ன்னு கேட்டுட்டு அதோட விட்டுட்டா. தனக்குன்னா தெருமுனை வரைக்கும் போக மாட்டா. எனக்கு ஒண்ணுன்னா ஊரையே சுத்தி வருவா தம்பி."

"அப்போ... உங்க முட்டி?"

"என்னங்க, ஓடாதீங்க! முட்டி பத்திரம்!" என்று ஆட்டோவிலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கும் அவ நடக்கணும்ல?" என்று கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார் இன்ஜின்காரர். பிறகு, பிறந்த நாளிலிருந்து ஒருநாளும் வலித்தறியாத தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அம்மா" என்று நொண்டி நொண்டிப் படியிறங்கினார்.