பத்து எம்.பி.

"பத்து எம்.பி.க்கு மேல ஒரு ஃபைலும் வெளியே போகக் கூடாது. குறைச்சுட்டு அனுப்பு தம்பி."

சொல்லிவிட்டு முதலாளி தன் மேசைக்குப் போய்விட்டார்.

டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்புக் கடை போஸ்டர். மூன்று நாள் உழைப்பு, நூற்றெண்பது எம்.பி. அதைப் போய் நறுக்கு என்றால்?

பெரிய நிறுவனத்தை விட்டு இங்கே வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மனிதர் எந்தக் காலத்தில் இருக்கிறார் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் முணுமுணுத்தான். இரண்டு மாதமாகத்தான் இந்தக் கெடுபிடி என்றார்கள். காரணம் கேட்டால், "ரூல்னா ரூல்" என்பதோடு சரியாம்.

வேண்டாவெறுப்பாக லேயர்களைச் சேர்த்து, படங்களைச் சுருக்கி, ஒன்பதரை எம்.பி.க்குக் கொண்டுவந்து அனுப்பினான்.

மறுநாள் வேறொரு வேலையின் அச்சு மாதிரியைக் காட்ட, எழுத்து திருத்தும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எந்த டிசைனும் அவர் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். கணவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து அவருக்கு வீட்டிலிருந்தே வேலை.

கட்டிலில் கணவர். பக்கத்தில் முக்காலி போட்டு அக்கா. கையில் விரிசல் விட்ட பழைய போன். அதில் இவனுடைய போஸ்டர்.

"போன்லயாக்கா திருத்துறீங்க?"

"வேற என்ன இருக்கு? முதலாளி டேப்லெட் வாங்கித் தரேன்னார். ஓசியில எதுவும் வேணாம்னுட்டேன். இதுல பெரிய ஃபைல் திறந்தா அப்படியே நின்னுடும்பா. முதல் வாரமே வேலையை விட்டுடலாம்னு இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல இந்த ரூல் வந்துச்சு. என் அதிர்ஷ்டம்."

கணவர் படுத்தபடியே சிரித்தார். அன்று காலையில்தான் பிடிமானம் இல்லாமல் நாலடி நடந்தாராம்.

ஆபீஸ் திரும்பிய டிசைனர் நேராக முதலாளி முன்னால் போய் நின்றான். அக்காவுக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முணுமுணுத்திருக்கவே மாட்டேனே என்றான்.

முதலாளி கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்களுக்கு மட்டும் செஞ்சா அது உதவி. வாங்க மாட்டாங்க. எல்லாருக்கும் போட்டா அது ரூல். ரூலுக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, பாரு."