தினம் ஒரு படம்

"போனை வாங்கிக்கோங்கப்பா. ஆனா தினம் ஒரு படம் என் ஃபிரெண்டுக்கு அனுப்பிடணும். அவளும் அனுப்புவா. ஒரு நாள் விட்டாலும், விடாம அனுப்பறதுக்காக ஆப்புல எங்க பேருக்குப் பக்கத்துல காட்டற தீ அடையாளம் மறைஞ்சிடும்."

"மறைஞ்சா என்னம்மா?"

"அவ வேற ஊருக்குப் போனப்புறம் எங்களுக்கு மிச்சம் அது ஒண்ணுதாம்ப்பா." மகளின் கண் கலங்கிவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மனசு இளகியது. சமூக ஊடகம் வளரும் பிள்ளைகளின் மூளையைப் பாடாய்ப் படுத்துமாம். பத்திரிகையில் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. பரீட்சை முடியும்வரை போன் தன்னிடம் இருக்கட்டும் என்று கேட்டதே பெரிய துணிச்சல். இந்த ஒரு வேலைதானே, செய்துவிட்டுப் போவோம் என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடையில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் படமெடுத்து அனுப்பினார். காலொடிந்த ஃபிரேம், விரிசல் விட்ட கண்ணாடி. அந்தப் பக்கத்திலிருந்தும் தவறாமல் வந்தது. ஒரு சீப்பு, பாதி நாற்காலி. ஒருநாள் தரையில் கொத்துக் கொத்தாக முடி.

அவருக்குப் பகீரென்றது. போனே கதியென்று கிடந்து, முடியைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கா போய்விட்டது அந்தக் குழந்தை? மகளிடம் சொன்னால் பரீட்சை கெடும். தனக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார். படம் வரக் கொஞ்சம் தாமதமானாலும் கடைக்கு வந்தவரை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெறாத பிள்ளை மேல் இத்தனை பாசம் எங்கிருந்துதான் வந்ததோ.

பரீட்சை முடிந்த மறுநாளே தோழி தன் அப்பாவோடு வந்து இறங்கினாள். கடைக்காரர் முதலில் அவள் தலையைத்தான் பார்த்தார். இடுப்பு வரை இரட்டைப் பின்னல். குழம்பிப்போனவர், அவள் அப்பாவை மெல்ல ஓரமாக அழைத்துப் போனார்.

"தப்பா நினைக்காதீங்க. பாப்பாவை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. தரையெல்லாம் முடியா படம் அனுப்புது."

வந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் அதைச் சொல்லத்தாங்க சலூனைப் பூட்டிட்டு ஓடி வந்தேன். உங்க பொண்ணு தினம் ஒரு கண்ணாடியை உடைச்சு உடைச்சு அனுப்புதே, பாவம், அதுக்கு என்னங்க கோபம்?"

வாசலில் நின்ற பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அடிப்பாவி, நீயும் போனை உங்கப்பாகிட்ட குடுத்துட்டியா?"