இரண்டாவது கோணம்

கடற்கரையில் நேர்வரிசையாக நட்ட எட்டு ஆண்டெனாக்களுக்கு ஒரு குறை உண்டு. சிக்னல் கடலிலிருந்து வருகிறதா கரையிலிருந்து வருகிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. திரையில் எப்போதும் கடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என இரண்டு கோணங்கள் விழும். கரைப்பக்கக் கோணத்தை அழித்துவிடுவது கடல் மீட்பு நிலையத்தின் வழக்கம். மீன்பிடிக்கப் போய் மூன்று நாளாகத் திரும்பாத லியோனின் அபாய சிக்னல் கருவி காலையில் கூப்பிட்டபோது, திரையின் முன் இருந்த மதிவதனியும் அதைத்தான் செய்தாள். அவள் சொன்ன திசையில் ஆறு படகுகள் போயின.

மாலைவரை ஒன்றும் கிடைக்கவில்லை. கோணம் மட்டும் இம்மியும் நகரவில்லை. தண்ணீரில் மிதப்பது இப்படி ஓரிடத்தில் நிற்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழித்த கோணத்தைத் திரும்பப் போட்டு, அந்தக் கோட்டிலேயே நடந்தாள். அது லியோனின் வீட்டில் போய் முடிந்தது. அவன் மனைவி பிளாரன்ஸின் மடியில் கருவி சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டுப் போயிட்டாரு. ஆணியிலயே தொங்குச்சு" என்றாள் பிளாரன்ஸ். "தேடிப் போங்கன்னு மூணு நாளா எல்லார் கால்லயும் விழுந்தேன். இதை அமுக்குனதும் ஆறு படகு போச்சு, பாத்தியா."

மதிவதனியின் இடுப்பில் வயர்லெஸ் இரைந்தது; தேடும் படகிலிருந்து. "சிக்னல் இன்னும் அடிக்குதாம்மா? அடிச்சா இன்னொரு சுத்து தேடுறோம். இல்லன்னா கரைக்குத் திரும்புறோம்."

பிளாரன்ஸ் கருவியை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

"அடிக்குதுண்ணே" என்றாள் மதிவதனி.

"சரி, எந்தப் பக்கம்?"