மூளை சிறுசாம்

ஸ்கேன் அறைக்கு வெளியே, நீளமான நடைபாதையில் மத்தியான வெயில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது. டாக்டர் இப்போதுதான் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்: "சிறுமூளையில ஒரு பகுதி சரியா வளரலைம்மா. நடைக்கு மட்டுமில்ல, யோசிக்கறதுக்கும் அது வேணும். பாப்பாவுக்கு எல்லாம் புரியுது. பதில் வரத்தான் நேரமாகும், காத்திருங்க." கூடவே உட்கார்ந்து கேட்ட நாத்தனார் வெளியே வந்ததும் வராததுமாகத் தன் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "ஆமாம்மா, மூளை சிறுசாம். டாக்டரே சொல்லிட்டார்." எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெஞ்சில் என் மகள் செருப்பு வாரை வளையத்துக்குள் நுழைக்கப் பார்க்கிறாள். அது ஒவ்வொரு முறையும் பக்கத்தில் போய் முட்டுகிறது. நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஜன்னலைக் காட்டுகிறாள். "ஏய், அங்க எத்தன புறா, சொல்லு பாப்போம்?" மகள் நிமிர்கிறாள். கண் ஒவ்வொரு புறாவாக நகர்கிறது, உதடு குவிந்து பிரிகிறது. "பொறுங்க அண்ணி, சொல்லுவா" என்கிறேன். அண்ணி அதற்குள் முதுகைக் காட்டிவிட்டாள். எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. புறாக்கள் படபடத்துப் பறந்துபோகின்றன. "மூ…ணு" என்கிறாள் மகள், முகமெல்லாம் சிரிப்பாக. மூன்றேதான், நானும் எண்ணினேன். நாத்தனார் திரும்பிக் காலி ஜன்னலைப் பார்க்கிறாள். "கேட்டியாம்மா? ஒண்ணுமே இல்லாத இடத்துல மூணாம்!" மகளின் சிரிப்பு அணைகிறது. போனைப் பிடுங்கி என் காதில் வைக்கிறேன். "மூணுதான் இருந்துச்சு அத்தே. சின்னப் புத்தி உங்க பொண்ணுக்குத்தான்."