இடப்பக்க ஸ்பிரிங்

வக்கீல் சாம்பசிவனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டே இருக்கை. மெக்கானிக் தாணு அதைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். பொன்முடி மலைப்பாதைக்காக அதை இன்னும் முறுக்கேற்ற வேண்டுமென்று வக்கீல் பெரிய கார்பரேட்டர் கேட்டார்.

"வேகத்தப் பொறவு பாப்போம் சாரே. மொதல்ல வண்டி வளைவுல நிக்கணும்லா? ஸ்பிரிங்க மாத்துவோம்."

புது ஸ்பிரிங் நான்கும் ஒரே கனம். சாம்பசிவன் தனியாக ஏறி வலப்பக்கம் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். வலப்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்தது. சற்றுப் பொறுத்து, காலி இருக்கை இருந்த இடப்பக்கமும் ஓர் அங்குலம் தாழ்ந்தது. தாணு ஸ்பிரிங்குகளை இடம் வலம் மாற்றிப் போட்டான். அப்போதும் அப்படியே.

பொன்முடி போய்வந்த சாம்பசிவனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "தராசு மாதிரி போறது தாணு! ஒரு வளைவிலயும் அலுங்கலை."

"அப்ப ஸ்பிரிங்க இனி தொட வேண்டாம் சாரே."

அடுத்த வாரம் கார்பரேட்டரும் பூட்டியாயிற்று. எதை மாற்றினாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பிறகே தாணு வண்டியை ஓட்டவிடுவான். தாணு முன்பே வந்து காத்து நின்ற கோயில் முன் சாம்பசிவன் தனியாக வந்து இறங்கினார். வலப்பக்கம் எழும்பியது. பிறகு இடப்பக்கமும் பதமாக எழும்பியது. இடப்பக்க மட்கார்டில் கை வைத்திருந்த தாணு, என்ன நேர்த்தி என்று வியந்தான்.

தேங்காய் சிதறியது. சாம்பசிவன் திரும்பி வந்து ஏறி என்ஜினை முடுக்கினார்.

"கிளம்பட்டுமா தாணு?"

"ஒரு நிமிஷம் சாரே."

இடப்பக்கமும் தாழ்ந்த பிறகுதான் அவன் கையை எடுத்தான்.