குழிக்குள் விழுந்த பாகு

அந்தச் சாப்பாட்டு மேசையில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது மிளகாய்ப்பொடி டப்பாவின் நினைப்பு. தோசையோ ஊத்தப்பமோ, வட்டமாய் எது வந்தாலும் முதலில் திறப்பது அதன் மூடியைத்தான். அப்படிப்பட்ட மேசையில், மருமகளோடு கனடாவிலிருந்து வந்த மேப்பிள் பாகு பாட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

மருமகள் சுட்ட பான்கேக் தட்டில் வந்தது.

“ஐயா, கொஞ்சம் நகருங்க. இதுக்கு மேல எப்பவும் நான்தான்,” என்றது பாகு.

“யாரு வீட்டுக்கு வந்து யாரை நகரச் சொல்ற? இது புளிக்காத தோசை, அவ்வளவுதான். தோசைமேல பாகை ஊத்துறதெல்லாம் அநியாயம்!” பொடிக்குக் காரம் தலைக்கேறியது.

“எங்க ஊர்ல உங்களைத் தூவினா அடிக்க வருவாங்க.”

அதற்குள் மாமனார் தணிகாசலம் கண்ணாடி போடாமல் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் பொடியைக் குவித்தார், நடுவில் விரலால் குழி செய்தார், நல்லெண்ணெய் என்று நினைத்துப் பாகை எடுத்துக் குழி நிறைய ஊற்றினார்.

மானமே போச்சு என்று பொடி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

தணிகாசலம் ஒரு விள்ளலைத் தொட்டு வாயில் போட்டார். புருவம் உயர்ந்தது. “இன்னும் ரெண்டு போடும்மா!” என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மறுவாரம் பிரான்சிலிருந்து ஒரு சாக்லேட் டப்பா வந்து இறங்கியது. “எங்க ஊர்ல பான்கேக்மேல என்னைத்தான் தடவுவாங்க,” என்று ஆரம்பித்தது.

பொடியும் பாகும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“அதெல்லாம் இங்க நடக்காது தம்பி,” என்றது பொடி. “இந்த வீட்டுல காலங்காலமா நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான்.”